ஸ்ரீகார்யமும் திருமடைப்பள்ளியும்: உடையவர் பொறுப்பளித்த முறை

ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையிலிருந்து மேற்கே சென்றால் திருநின்றவூர். தெற்கே சென்றால் பூவிருந்தவல்லி. பூவிருந்தவல்லி திருக்கச்சி நம்பிகளின் அவதாரத் தலம். அதை அடுத்த நசரத்பேட்டைப் பகுதியில் உள்ள வரதராஜபுரம் முதலியாண்டானின் அவதாரத் தலம். உடையவரின் மருமகனும், அவருடைய பாதுகையாகவே கொண்டாடப்பெறுபவருமான இந்த ஆண்டானிடத்திலே திருவரங்கம் பெரிய கோயிலின் ஸ்ரீகார்யம் ஒப்படைக்கப்பட்டது. பலரைக் கொண்டு நடத்தவேண்டிய ஒரு பெருங்காரியத்தை எத்தகையோரிடம் ஒப்படைப்பது என்பதில் உடையவரின் திருவுள்ளம் யாது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

திருவரங்கக் கோயிலின் நிர்வாக வரலாற்றைக் கூறும் ‘கோயிலொழுகு’ பல தலைமுறைகளில் பலர் கைப்பட வளர்ந்த நூல். ஆதலால் அதிலுள்ள ஒவ்வொரு செய்தியையும் உடையவர் காலத்துப் பதிவாகக் கொள்ளலாகாது. எனினும் அந்நூல் அவர்மேல் ஏற்றிச் சொல்லும் ஏற்பாடு தெளிவானது. முன்பு ஐந்து கொத்தாக இருந்த கைங்கரியபரர்களை அவர் பத்துக் கொத்தாக விரித்தார். திருப்பதியார், திருப்பணி செய்வார், பாகவத நம்பிமார், உள்ளூரார், விண்ணப்பம் செய்வார், திருக்கரகக்கையார், ஸ்தானத்தார், பட்டாள் கொத்து, ஆரியபட்டாள், தாசநம்பிகள் என்பன அவை. தீர்த்தம் கொணர்வாரும், புஷ்ப கைங்கரியம் செய்வாரும், வாசல் காப்பாரும், அருளிச்செயல் விண்ணப்பிப்பாரும் தத்தம் எல்லை அறிந்து நின்றனர். ஒருவர் காரியத்தில் மற்றவர் புகாமலும், எவர் காரியமும் விடுபடாமலும் இருக்க இப்பகுப்பு வழிசெய்தது.

ஆனால் பகுப்பது எளிது. ஏற்கெனவே உரிமை பெற்றிருப்பவரிடமிருந்து அதனை வாங்குவதே அரிது. அக்காலத்தில் கோயிலின் திறவுகோலும் புராணம் வாசிக்கும் உரிமையும் பெரிய கோயில் நம்பியிடம் இருந்தன. உடையவர் வலிந்து பறிக்கவில்லை. கூரத்தாழ்வானைக் கொண்டு அவரைத் திருத்திப் பணிகொண்டார். நம்பியின் திருத்தாயார் பரமபதித்தபோது, பிறர் உண்ணத் தயங்கும் பதினோராம் நாள் சிராத்தத்திற்கு ஆழ்வானே நிமந்திரணத்தில் அமர்ந்தார் என்றும், “திருப்தியா?” என்று கேட்கப்பட்டபோது திறவுகோலை வேண்டினார் என்றும் குருபரம்பரை கூறும். கொடுத்தவர் வெறுங்கையோடு விடப்படவில்லை. உடையவர் இயற்பா அநுசந்திக்கும் பேற்றினை அரையர்களிடமிருந்து பெற்று அவருக்கு அளித்தார். திருவரங்கத்தமுதனார் என்று அவருக்குத் திருநாமம் ஆயிற்று. இராமாநுச நூற்றந்தாதி அவர் அருளியதே. அதிகாரம் இழந்தவர் பகைவராக வேண்டிய இடத்திலே ஒரு பிரபந்தகர்த்தா தோன்றினார்.

இனி ஆண்டானைப் பற்றி. சரமசுலோகத்தின் பொருளைத் தமக்கு அருளவேண்டும் என்று அவர் விண்ணப்பித்தபோது, உறவைக் கருதி உடையவர் இசைந்துவிடவில்லை. திருக்கோட்டியூர் நம்பியிடம் அனுப்பினார். ஆறு மாதம் அங்கே காத்திருந்த ஆண்டானுக்கு நம்பி உரைத்தது, கல்வி, செல்வம், குடிப்பிறப்பு ஆகியவற்றால் வரும் செருக்கை விடவேண்டும் என்பதே. பெரிய நம்பியின் திருமகளார் அத்துழாய் விஷயத்தில் நிகழ்ந்ததும் இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கது. நீராடத் துணை வேண்டிய அவரை, “உன் சீதன வெள்ளாட்டியை அழைத்துக்கொள்” என்று மாமியார் இகழ, உடையவர் சீதன வெள்ளாட்டியாக ஆண்டானையே அனுப்பினார். வித்வானாகிய அவர் ஒரு மறுப்பும் சொல்லாமல் அவ்வீட்டிற்குச் சமையல் செய்தார். ஒருநாள் அங்கு ஒருவர் தவறான பொருள் கூற, ஆண்டான் அதனைத் திருத்தியபோதே அவர் இன்னார் என்று அவ்வீட்டார் அறிந்தனர்.

கிடாம்பி ஆச்சான் செய்தியும் இதற்கு இணங்கவே இருக்கிறது. உடையவருக்குப் பிக்ஷையில் விஷம் இடப்பட்டதை அறிந்து திருக்கோட்டியூர் நம்பி எழுந்தருளினார். எதிர்சென்று சேவித்த உடையவரை, கொதிக்கும் காவிரி மணலிலிருந்து எழுந்திருக்கும்படி நம்பி நியமிக்கவில்லை. அது பொறாமல் ஆச்சான் ஓடிவந்து அவரைத் தூக்கினார். “இவரே உமக்குத் தளிகை செய்யத் தக்கவர்” என்பது நம்பியின் முடிவு. சமையலில் உள்ள தேர்ச்சியைக் காட்டிலும் இவருக்கிருந்த பரிவே அங்கு பிரமாணமாயிற்று.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால் உடையவரின் முறை விளங்கும். பிறரை ஏவவேண்டியவர் ஏவலைச் செய்து பழகியவராக இருக்கவேண்டும். உறவோ கல்வியோ தனித்து நின்று அதிகாரத்திற்குத் தகுதியாகா. பதவி மாற்றப்பட்டவருக்கும் உரிய ஓரிடம் இருக்கவேண்டும். திருவாய்மொழிக்கு வியாக்கியானம் அருளும் பொறுப்பையும் தாமே வைத்துக்கொள்ளாமல் திருக்குருகைப்பிரான் பிள்ளானுக்கு நியமித்து ஆறாயிரப்படியை வெளியிடுவித்ததும், எழுபத்துநான்கு சிம்மாசனாதிபதிகளை ஏற்படுத்தியதும் இவ்வழிப்பட்டவையே.

இன்று நம் திருக்கோயில்களில் உற்சவக் குழுக்களும் கைங்கரிய சபைகளும் பிளவுபடுவது பெரும்பாலும் முதல் தீர்த்தம், திறவுகோல், கணக்கு ஆகியவற்றின் பொருட்டே. அவற்றை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி எழும்போது, அவர் இதற்குமுன் யாருடைய திருமடைப்பள்ளியில் நின்றார் என்று கேட்டறிவது உடையவர் காட்டிய வழியைப் பின்பற்றுவதாகும். அந்த வழியின் முதல் சான்று பூவிருந்தவல்லிக்கு அருகிலேயே அவதரித்திருக்கிறார்.