அஜ்ஞாதவாசியின் பாக்குவெட்டிகள்

புனே நகரின் பழைய பகுதியில், பாஜிராவ் சாலையை ஒட்டி அமைந்துள்ளது ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகம். பெயரைக் கேட்போர், ஏதோ ஒரு சமஸ்தானத்து மன்னரின் கருவூலம் என்றே அதனை எண்ணக்கூடும். ஆனால், இங்கே ராஜா என்பது சிறுவயதிலேயே மறைந்த ஒரு குழந்தையின் பெயர். தம் ஒரே மகனின் நினைவாக இதனை எழுப்பிய தினகர் கங்காதர் கேள்கர் (1896–1990) மன்னருமல்லர், படைத்தலைவருமல்லர். மராத்தியில் கவிதை புனைந்தவர். அவர் பூண்ட புனைபெயர் 'அஜ்ஞாதவாசி'. பாண்டவர் விராடன் நகரில் வாழ்ந்ததுபோல், தம்மை இன்னாரென வெளிக்காட்டாது வாழ்பவர் என்பது அதன் பொருள்.

1920ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய அவரது சேகரிப்பு, 1960 அளவில் ஏறத்தாழ 15,000 பொருள்களாகப் பெருகியது. 1962இல் அவர் அதனை மகாராட்டிர அரசின் தொல்லியல் துறையிடம் ஒப்படைத்தார். இன்று அங்குள்ள பொருள்கள் 20,000க்கும் மேற்பட்டவை. அவற்றுள் 2,500 அளவில் மட்டுமே பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

எண்ணிக்கையைக் காட்டிலும் வியப்பூட்டுவது அவர் எவற்றைத் தேர்ந்தார் என்பதே. நாணயமும் செப்பேடும் தெய்வப் படிமமும் தேடியோர் அந்நாளில் பலர். கேள்கரோ பாக்குவெட்டியையும் வெற்றிலைப் பெட்டியையும் தேடினார். தூக்குவிளக்கு, மைக்கூடு, பூட்டு, சீப்பு, குளிக்கும்போது குதிகாலைத் தேய்க்கும் பித்தளைக் கருவி, செதுக்குவேலை மிக்க வீட்டுக் கதவு ஆகியவை அவர் கண்ணுக்கு வரலாறாகத் தோன்றின.

அப்பொருள்கள் வீட்டைவிட்டு வெளியேறியதற்கும் ஒரு வரலாறு உண்டு. பேஷ்வாக்களின் ஆட்சிக்காலத்தில் புனேயில் பெருங்குடியினர் 'வாடா' எனப்படும் முற்றம் சூழ்ந்த மாளிகைகளைக் கட்டினர். 1818இல் அவ்வாட்சி முடிவுற்றது. புரவலர் குன்றினர், நாளடைவில் மாளிகைகள் பங்குபோடப்பட்டன, சிதைந்தன. மண்ணெண்ணெய் விளக்கும் பின்னர் மின்விளக்கும் வந்தபோது எண்ணெய் விளக்கு பூசையறைக்குள் ஒதுங்கியது. பயன் ஒழிந்த பித்தளைக்கு எடை ஒன்றே விலையாயிற்று. உருக்குலைக்குச் சென்றவை எத்தனை என்பதற்குக் கணக்கில்லை. எடைக்கல்லுக்கும் உருக்குலைக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு பொழுதில்தான் சேகரிப்பாளன் தன் வேலையைச் செய்யவேண்டியிருந்தது.

இத்தகைய பொருள்களை இனங்காண்பது எளிதன்று. கல்வெட்டில் ஆட்சியாண்டு இருக்கும், பாக்குவெட்டியில் இராது. அங்கே சான்றாவது கையின் தடம். உண்மையாகவே புழங்கிய பாக்குவெட்டியின் அலகு, பலமுறை தீட்டப்பட்டுத் தேய்ந்திருக்கும். விரல் பதியும் இடத்தில் பிடி வழவழப்பாகவும், விரல் படாத மடிப்பில் வேலைப்பாடு கூர்மை குன்றாமலும் இருக்கும். பழமை தோன்றும்படி அரம்கொண்டு தேய்த்த போலியிலோ தேய்மானம் எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கும். எந்தக் கையும் அவ்வாறு தேய்ப்பதில்லை. விளக்கில் திரிமூக்கின் கருமையும், இடுக்குகளில் இறுகிப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் கவனிக்கத்தக்கவை. அமிலமிட்டுப் பளபளவென்று துலக்கிவிடுவோர், அழுக்கோடு சேர்த்துச் சான்றையும் கழுவிவிடுகின்றனர். மெழுகு வார்ப்பில் அச்சினை உடைத்தே உருவத்தை எடுக்கவேண்டும். ஆதலின் இரு வார்ப்புகள் அணுவளவும் பிசகாது ஒத்திருத்தல் அரிது. பழம்பொருள் கடையில் ஒரே உருவம் மாற்றமின்றி வரிசையாக நிற்குமாயின் ஐயுறுதல் நன்று.

இவையனைத்திற்கும் மேலான சான்று, பொருள் எந்த ஊரில், எந்த வீட்டில், யார் கையில், எதற்குப் புழங்கியது என்னும் செய்தியே. அதனைப் பொருளோடு சேர்த்து எழுதிவைக்காத சேகரிப்பு, பாயிரமும் ஆசிரியர் பெயரும் இழந்த ஏட்டுச் சுவடியை ஒத்தது. அழகு எஞ்சியிருக்கும், காலமும் இடமும் நழுவிவிடும்.

கேள்கரின் புனைபெயர் இவ்விடத்தில் புதுப்பொருள் பெறுகிறது. பாக்குவெட்டியின் பிடியை மயிலாகவும் மங்கையாகவும் வடித்த கன்னார் எவரும் அதில் தம் பெயரைப் பொறிக்கவில்லை. வீட்டுப்பெண்டிர் நாளும் கையாளும் கருவிக்கு இத்துணை அழகு வேண்டுமென யாரும் சட்டமிடவும் இல்லை. அறியப்படாது வாழ்ந்த அக்கலைஞர்களை உலகறியச் செய்தவர், தாமும் அறியப்படாதவன் என்றே பெயர் பூண்ட ஒரு கவிஞர். 'இந்திய விளக்குகள்' பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலும் அத்தொண்டின் பகுதியே.

தமிழகத்திலும் இதே கதை நிகழ்ந்தது. எவர்சில்வர் பரவிய காலத்தில், பித்தளை அண்டாவும் வெண்கல உருளியும் வாசலில் எடைபோடப்பட்டுப் புதுப் பாத்திரங்களாக மாறின. வெற்றிலைச் செல்லமும் சுண்ணாம்புக் கரண்டகமும் முதலில் பரணுக்கும் பிறகு பழம்பொருள் கடைக்கும் சென்றன. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருளையும் கைவினைப் பொருளையும் தனியார் அயல்நாட்டுக்கு ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. எனினும் எடைக்குப் போடப்படும் கரண்டகத்தைச் சட்டம் வந்து மீட்பதில்லை.

பொருளோடு அதன் சொல்லும் போகிறது என்பது கவிதை பயில்வோர் கருதவேண்டிய செய்தி. கரண்டகத்தைக் கண்டிராத தலைமுறைக்கு அச்சொல் அகராதியில் மட்டுமே கிடைக்கும். வீட்டில் எஞ்சியிருக்கும் ஒரு பழம்பொருளின் பெயரையும், அதன் உறுப்புகளுக்குரிய பெயர்களையும், புழங்கிய முறையையும் முதியோரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதனோடு வைத்தல் எவர்க்கும் இயலும். அதற்கு அருங்காட்சியகம் வேண்டுவதில்லை. கேட்டுச் சொல்லத்தக்க முதியோர் இருக்கும்போதே அது செய்யப்படவேண்டும்.