தென்னை நார்க்கழிவும் சாயநீரும்: மலிவுக் கரி ஆய்வின் வரலாறு

கரி கரைசலின் நிறத்தை நீக்கும் என்பதை 1785-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தோபியாஸ் லோவிட்ஸ் கண்டறிந்தார். 19-ஆம் நூற்றாண்டின் சர்க்கரை ஆலைகள் எலும்புக்கரியால் பாகை வெளுத்தன. 1856-இல் பெர்க்கின் உருவாக்கிய ஊதாச் சாயம் செயற்கைச் சாயத் தொழிலைத் தோற்றுவித்தபின், அதே பரப்புக்கவர்ச்சி ஆற்றைக் காக்கும் வழியாகவும் நோக்கப்பட்டது. ஆயினும், கிளர்வூட்டப்பட்ட கரியின் விலை சிறு பட்டறைகளுக்கு எட்டவில்லை. விலைகுறைந்த மாற்றுக்கான தேடல் இங்கிருந்தே தொடங்குகிறது. 1976-இல் பெல்ஃபாஸ்டில் பூட்ஸ், மக்கே, ஹீலி ஆகியோர் சதுப்புநிலக் கரிமண்ணையும் மரத்தூளையும் சோதித்தனர்.

தமிழகத்தில் இத்தேடலுக்கு உடனடிக் காரணம் இருந்தது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் வளர, சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1990-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாயிற்று.

அதே காலத்தில், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் சி. நமசிவாயமும் அவர்தம் மாணவர்களும் வேளாண் கழிவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். 1992-இல் வாழைத்தண்டுக் கழிவு, 1994-இல் தென்னை நார்க்கழிவு, 1996-இல் ஆரஞ்சுத் தோல் என ஆய்வுரைகள் வெளிவந்தன. கயிற்றுத் தொழிலின் மிச்சமான நார்க்கழிவில் லிக்னின் மிகுதி. எளிதில் மட்காமல் மலைபோல் குவிந்து கிடந்தது. ஒரு கழிவைக் கொண்டு மற்றொரு கழிவைத் தீர்க்கலாம் என்னும் எண்ணம் அச்சூழலில் இயல்பானதே.

எனினும், கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. 2002-இல் நமசிவாயமும் கவிதாவும் வெளியிட்ட ஆய்வில், நார்க்கழிவுக் கரி கிராமுக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் காங்கோ சிவப்புச் சாயத்தைப் பற்றியது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயமுள்ள நீர் ஒரு லட்சம் லிட்டர் எனக் கொள்வோம். அதில் 10 கிலோ சாயம் இருக்கும். அதை முழுவதும் நீக்க, ஏறத்தாழ ஒன்றரை டன் கரி தேவை. அக்கரியைத் தயாரிக்கும் எரிபொருளும், சாயமேறிய கரியை அகற்றும் இடமும் விலையில் சேர்ந்தாக வேண்டும்.

இதனினும் பெரிய தடை உப்பு. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்குச் சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ பெருமளவில் சேர்க்கப்படுகிறது. கரி நிறத்தைப் பற்றும். கரைந்த உப்பைப் பற்றாது. நொய்யல் பாசன உழவர்களின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்கே பங்கு மிகுதி. கண்ணுக்குத் தெளிந்த நீரும் பயிருக்கு நஞ்சாகலாம். ஜனவரி 2011-இல், கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையை எட்டாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் தீர்வு எதிர்ச் சவ்வூடு பரவலையும் ஆவியாக்கிகளையும் சார்ந்தது. இவை மலிவானவை அல்ல.

இதற்கிடையே நார்க்கழிவின் நிலையும் மாறியது. மண்ணில்லா வேளாண்மைக்கான ஊடகமாக இன்று அது ஏற்றுமதியாகிறது. விலையற்றது என்ற எடுகோளின்மேல் எழுந்த ஆய்வு, அப்பொருளுக்கு விலை வந்தபின் மறுகணக்குக்கு உரியது.

இவ்வரலாறு பெங்களூருக்கும் பொருந்தும். நகருக்குள் பிறக்கும் விருஷபாவதி, வீட்டுக் கழிவையும் ஆலைக் கழிவையும் சுமந்து பைரமங்கல ஏரி வழியே அர்க்காவதியை அடைகிறது. அர்க்காவதியும் நொய்யலும் சேருமிடம் காவிரியே. மலிவுக் கரி பயனற்றது என்பது இதன் முடிவன்று. உப்புக் குறைந்த கழிவுநீரிலும், சவ்வுகளுக்கு முந்தைய நிறநீக்கத்திலும் அதற்கு இடமுண்டு. ஆனால், வடிநீரில் கரைத்த ஒற்றைச் சாயத்தோடு நின்றுவிடும் ஆய்வு பட்டறையின் வாசலை எட்டாது. உண்மையான கழிவுநீர், அதன் உப்பு, பயன்படுத்திய கரியின் கதி ஆகிய மூன்றையும் சேர்த்தே இனிவரும் ஆய்வேடுகள் கணக்கிட வேண்டும்.