காலில் புண், மூச்சில் முட்டல்

என் நாவல் ஒன்றில் ஒரு மளிகைக்கடைக்காரரைக் கொன்றேன். துருப்பிடித்த ஆணி காலில் ஏறி, புண் சீழ்பிடித்து, 'செப்டிக்' ஆகி, நாலாம் நாள் மூச்சுத் திணறி இறந்துபோனார். புத்தகம் வெளிவந்ததும் ஒரு வாசகி கடிதம் எழுதினார்: "என் தாயாரும் இப்படித்தான் போனார். புண் காலில் இருக்க, மூச்சு ஏன் முட்டியது?"

எனக்குத் தெரியாது. காட்சிக்குப் பொருத்தமாக இருந்ததென்று திணற வைத்தேன், அவ்வளவுதான். வெட்கத்தோடு படிக்க உட்கார்ந்தேன்.

வைத்தியர்களுக்கே அது வெகுகாலம் புதிராகத்தான் இருந்திருக்கிறது. வியட்நாம் யுத்தத்தில் உடம்பில் வேறெங்கோ காயம்பட்ட சிப்பாய்கள், பிழைத்துவிட்டார்கள் என்று நினைக்கும் வேளையில் மூச்சு வாங்கி மாண்டார்கள். அங்குள்ள ஓர் ஊரின் பெயரால் அதை 'டா நாங் நுரையீரல்' என்றே அழைத்தார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவில் டென்வர் நகரில் ஆஷ்பா, பெட்டி என்ற டாக்டர்களும் அவர்களுடைய சகாக்களும் 12 நோயாளிகளைப் பற்றிக் குறித்து வைத்தார்கள். ஒருவர் விபத்தில் அடிபட்டவர், இன்னொருவர் நிமோனியா கண்டவர், மற்றொருவர் கணையம் வீங்கியவர். நோய் வேறு வேறு, திணறல் ஒன்றே. பிராணவாயு கொடுத்தும் ரத்தத்தில் அது ஏறவில்லை. 7 பேர் இறந்தார்கள். பஞ்சுபோல் இருக்க வேண்டிய நுரையீரல் கனத்துச் சிவந்து, அறுத்தால் கல்லீரல் துண்டு மாதிரி இருந்ததாம். அவர்கள் கட்டுரையைச் சில பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிட்டன. (திரும்பி வந்த கதைகளை ஒரு கட்டாகக் கட்டி வைத்திருக்கும் எனக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம்.) 1967 ஆகஸ்டில் லண்டன் 'லான்செட்' அதை வெளியிட்டது.

இந்தத் திணறலுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று 'செப்டிக்' என்பது பிறகு தெளிவாயிற்று. உடம்பின் ரத்தம் முழுவதும் நுரையீரல் வழியாகத்தான் போய்வர வேண்டும். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய வெள்ளையணுக்கள் அங்குள்ள நுண்ணிய குழாய்களில் குவிந்து, பகைவனைத் தாக்கும் வெறியில் சொந்த வீட்டுச் சுவரையே இடிக்கின்றன. ரத்தக் குழாய்க்கும் காற்றறைக்கும் நடுவே இருப்பது மெல்லிய சவ்வு ஒன்றுதான். அது கசிந்தால் கோடிக்கணக்கான காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்ளும். கிணற்றில் விழாமலே மனிதன் மூழ்கிப் போகிறான்.

இனிமேல்தான் என்னை உலுக்கிய பகுதி. இப்படிப்பட்டவருக்கு இயந்திரத்தால் மூச்சு ஊட்டினார்கள். திணறுகிறவருக்கு நிறையக் காற்று வேண்டுமென்று யாரும் நினைப்பது சகஜந்தானே? 1980-களில் புதுவகை எக்ஸ்ரே படம் எடுத்த இத்தாலிய டாக்டர் கட்டினோனி, மிச்சமிருக்கும் நல்ல நுரையீரல் ஒரு குழந்தையினுடைய அளவுதான் என்று கண்டார். குழந்தையின் நெஞ்சில் பெரிய ஆளின் மூச்சைத் திணித்தால் என்ன ஆகும்?

அதைச் சோதித்த அமெரிக்க ஆராய்ச்சியின் முடிவு 2000-இல் வெளியாயிற்று. 861 நோயாளிகள். உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட எடையில், கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் காற்று ஊட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 40 பேர் இறந்தார்கள். 6 மில்லிலிட்டர் மட்டும் ஊட்டப்பட்டவர்களில் 31 பேர். மருந்து ஏதும் புதிதில்லை. மூச்சைப் பாதியாக்கினார்கள், அவ்வளவே. அதற்கு முன்பு பெரிய மூச்சு ஊட்டியவர்களும் நல்ல மனத்தோடுதான் ஊட்டினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

வாசகிக்கு நான்கு பக்கம் பதில் எழுதினேன். இயந்திரத்தைப் பற்றிய பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு, மூன்றைத் தபாலில் சேர்த்தேன்.