அண்ணன் நல்லவர்தான்; தங்கை சுதந்திரமானவரா?

தினமும் மின்சார ரயிலில் குரோம்பேட்டையைக் கடந்து செல்லும் நம் பிள்ளைகளில் பலருக்கு, கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அங்கே வாழ்ந்தவர் என்பது தெரியாது. 1948 நவம்பர் 23 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் ஒரு திருத்தம் கொண்டு வந்தார். தனியார் சட்டம் உள்ள எந்தச் சமூகத்தாரையும் அதைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். சபை அதை ஏற்கவில்லை. விவாதத்துக்குரிய அந்தப் பொது சிவில் சட்டப் பிரிவு இன்று 44ஆவதாக, வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது.

அவர் கேட்டது எந்த வகைச் சுதந்திரம்? 1958இல் ஆக்ஸ்போர்டில் ஐசையா பெர்லின் ஆற்றிய உரை, சுதந்திரத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டியது. பிறர் குறுக்கிடாமல் இருப்பது ஒன்று. தன் வாழ்வைத் தானே நடத்துவது மற்றொன்று. காயிதே மில்லத் கேட்டது முதல் வகை. நாமும் பெரும்பாலும் அதை மட்டுமே சுதந்திரம் என்கிறோம்.

ஆனால் 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் அரசை விலக்கி வைக்க வந்ததல்ல. பஞ்சாப் உள்ளிட்ட பகுதிகளில் வழக்காறு என்ற பெயரில் முஸ்லிம் பெண்களுக்குச் சொத்து மறுக்கப்பட்டது. அதை மாற்ற அரசின் சட்டத்தையே துணைக்கு அழைத்தார்கள். விவசாய நிலம் அதில் விடுபட்டிருந்தது. 1949இல் சென்னை மாகாணம் திருத்தம் செய்து அதையும் சேர்த்தது. இதை நம் மேடைகளில் அதிகம் கேட்க முடிவதில்லை!

சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் வாப்பாமார் சிறுகச் சேர்த்து வாங்கிய மனைகள் இன்று பெரும் விலை போகின்றன. வாப்பா மவுத்தானதும் மகள்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள். "தங்கச்சி மனசாரத்தான் கொடுத்துச்சு, ஹஜ்ரத்" என்று அண்ணன் சொல்வார். தங்கையின் பேச்சு வேறு. "கேட்டா, நாளைக்கு அந்த வீட்டு வாசப்படி ஏற முடியுமா?"

தத்துவ ஆசிரியர் பிலிப் பெட்டிட் சொல்லும் மூன்றாவது வகை இங்கே பொருந்துகிறது. எஜமானர் அன்பானவர், ஒன்றிலும் குறுக்கிடுவதில்லை. ஆனாலும் அவர் மனம் மாறினால் எல்லாம் போய்விடும் என்றால், அந்த அடிமை சுதந்திரமானவன் அல்ல. அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். அவருடைய தயவில் நிற்பது உரிமை ஆகாது. அந்நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம் பெண்ணின் பங்கை, சொத்து குறைவோ அதிகமோ, கட்டாயமாக்கியது இதனால்தான் என்று நாம் புரிந்துகொள்கிறோம்.

முதலில் பங்கைப் பிரித்துத் தங்கையின் பெயரில் பதிந்து கையில் கொடுங்கள், பிறகு அவர் விரும்பினால் ஹிபா செய்யட்டும் என்றே மஸ்அலா கேட்டு வருவோரிடம் சொல்கிறோம். அப்படிக் கையில் வாங்கியபின் திருப்பிக் கொடுத்த தங்கைகள் மிகச் சிலரே.