ஞாயிற்றுக்கிழமை றோஸ்றும் திங்கட்கிழமைக் கறியும்



பிரித்தானியாவின் பெருநகரங்களில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்காக உணவகங்களுக்குச் செல்வோர் இன்று ஒரு புதுமையைக் காண்கிறார்கள். ஆங்கிலேயரின் பரம்பரை உணவாகிய 'சண்டே றோஸ்ற்' தட்டிலே வருகிறது. ஆனால், கோழியின்மீது தயிரும் மிளகாய்த்தூளும் இஞ்சியும் உள்ளியும் பூசி வாட்டியிருக்கிறார்கள். உருளைக்கிழங்கிலே சீரகம் மணக்கிறது. ஆட்டிறைச்சி என்றால், வட இந்தியாவின் 'ரான்' போல, தொடை முழுவதும் மசாலாவில் ஊறியிருக்கிறது. யோர்க்ஷயர் புடிங் மாத்திரம் பழையபடியே, நமது அப்பத்தைப் போல நடுக்குழிந்து பக்கத்தில் இருக்கிறது. அந்தக் குழியில் ஊற்றுவதற்கு வருவதோ மசாலாக் குழம்பு.

இதற்குக் கலப்புச் சமையல் என்று பெயர். மரபு கெட்டுப்போயிற்று என்று முகஞ்சுளிப்போர் ஆங்கிலேயரிலும் உண்டு, நம்மவரிலும் உண்டு. மரபு என்ற சொல் காதில் விழுந்தால் தமிழ் படிப்பிக்கிறவனால் சும்மா இருக்க முடியாது. தொல்காப்பியர் தமது நூலின் கடைசி இயலையே மரபியல் ஆக்கியவர் அல்லவா? எனவே, இந்த ஆங்கிலேய மரபு எவ்வளவு பழையது, அதில் எது யாருடையது என்று சற்றுப் பார்ப்போம். மாட்டிறைச்சியைப் பற்றிய பேச்சு நம்மிற் பலருக்கு உவப்பானதன்று. என்ன செய்வது, வரலாறு நமது அடுப்படி ஆசாரத்தைக் கேட்டு நடப்பதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் வாட்டிய மாட்டிறைச்சி ஆங்கிலேயருக்கு வெறும் உணவாக இருக்கவில்லை. அது ஒரு கொடியாக இருந்தது. 1731ஆம் ஆண்டில் ஹென்றி ஃபீல்டிங் தமது நாடகமொன்றுக்காக அதைப் புகழ்ந்து பாட்டெழுதினார். 1748இல் ஓவியர் ஹொகார்த் பிரான்ஸின் கலே நகருக்குப் போய், அதன் கோட்டை வாசலை வரைந்துகொண்டிருக்கையில் உளவாளி என்று பிடிக்கப்பட்டார். ஊர் திரும்பியதும் அவர் தீட்டிய ஓவியத்தில், பெரியதொரு மாட்டிறைச்சித் துண்டைக் கொழுத்த பிரெஞ்சுத் துறவி ஆசையோடு தொட்டுப் பார்க்கிறார். மெலிந்த பிரெஞ்சுச் சிப்பாய்கள் வாய்பிளந்து நிற்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயருக்கு வைத்த பட்டப்பெயரும் 'றோஸ்பீஃப்' என்பதுதான். அதே 1748இல் இங்கிலாந்துக்கு வந்த சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் பேர் கால்ம், இறைச்சி வாட்டும் கலையில் ஆங்கிலேயரை மிஞ்ச ஆளில்லை என்று எழுதிவிட்டு, அதற்கப்பால் அவர்களுடைய சமையல் அதிகம் போகவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்!

அக்காலத்தில் றோஸ்ற் என்றால் திறந்த நெருப்பின் முன்னே கம்பியிற் கோத்துச் சுழற்றி வாட்டுவது. கம்பியைச் சுழற்றுவதற்கென்றே குட்டைக்கால் நாய்களை வளர்த்தார்கள். சுவரிலே மாட்டிய சில்லுக்குள் அந்த நாய் ஓடிக்கொண்டேயிருக்க, இறைச்சி சுழலும். பாடம்செய்யப்பட்ட அத்தகைய நாயொன்று வேல்ஸிலுள்ள அபர்கவெனி அரும்பொருளகத்தில் இருக்கிறது. வாட்டும் இறைச்சியிலிருந்து வடியும் கொழுப்பைத் தட்டில் ஏந்தி, அதில் மாக்கரைசலை ஊற்றி வேகவைத்ததே யோர்க்ஷயர் புடிங்.

ஏழைகளுக்கு அவ்வளவு பெரிய நெருப்பு ஏது? அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தமது இறைச்சியைப் பாண் சுடுகிறவரின் போறணைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். 1843இல் வெளிவந்த 'கிறிஸ்மஸ் கரோல்' கதையை ஆங்கில வகுப்பிற் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஞாயிறன்று போறணைகளை மூடவேண்டுமென்று சமயத்தின் பேரால் வாதாடியவர்களை டிக்கன்ஸ் அதிலே ஒரு பிடி பிடிக்கிறார். பின்னர் வீடுகள்தோறும் இரும்பு அடுப்பு வந்தது. கறாராகப் பார்த்தால், இன்றைய றோஸ்ற் வாட்டியதே அல்ல, போறணையில் வெந்தது. கூடவே வரும் உருளைக்கிழங்கோ தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலையிலிருந்து வந்தது. நமது மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களின் பிள்ளைதான் என்பதை மறந்துவிடலாகாது.

இனி, முக்கியமான இடத்துக்கு வருவோம். 1747இல் லண்டனில் ஒரு சமையல் நூல் வெளிவந்தது. எழுதியவர் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி. நூலிலே பெயர் போடாமல் 'ஒரு சீமாட்டி' என்று மட்டும் அச்சிட்டிருந்தார். யோர்க்ஷயர் புடிங் செய்முறை அந்த நூலில் இருக்கிறது. இந்திய முறையிலே கறி சமைக்கும் விதமும் அதே நூலில் இருக்கிறது! கோழியோ முயலோ எடுத்து, வெங்காயம் அரிந்து போட்டு, முப்பது மிளகு சேர்க்கும்படி சொல்கிறார். கொத்தமல்லியை எதில் வறுப்பது? துப்புரவான சவளிலே வைத்து நெருப்பின்மேல் வறுத்து இடிக்கச் சொல்கிறார். நமது ஆச்சிமார் கேட்டால் சிரித்திருப்பார்கள். ஆனால் வறுத்துத்தான் இடிக்கவேண்டும் என்ற நுட்பம் அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது. ஆக, ஆங்கில மரபின் சின்னமான புடிங்கும் அதைக் கெடுக்க வந்ததாகச் சொல்லப்படும் கறியும் இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே அட்டைக்குள் குடியிருக்கின்றன.

கறிக்கெனத் தனிக் கடை வைத்தவர் பட்னாவிற் பிறந்து, கம்பனிப் படையில் இருந்து, பின்னர் அயர்லாந்தில் குடியேறிய ஷேக் டீன் மஹொமட். 1810இல் லண்டன் ஜோர்ஜ் வீதியில் 'ஹிந்துஸ்தான் கோப்பிக் கடை'யைத் திறந்த அவர் 1812இல் கடனாளியானார். கறி தோற்றதென்று இதற்குப் பொருளல்ல. அது கடைக்குப் போகாமல் வீட்டுக்குள் போயிற்று.

வீட்டிலே அதற்குக் கிடைத்த நாள் திங்கட்கிழமை. ஞாயிறன்று பெரிய இறைச்சியை வாட்டினால் மிச்சம் கிடக்கும். ஆறிப்போன இறைச்சியை மறுநாள் என்ன செய்வது? 1861இல் நூலாக வந்த திருமதி பீற்றனின் இல்லறக் கையேடு வழி சொல்கிறது: மிஞ்சிய மாட்டிறைச்சியை அரிந்து, பட்டரும் வெங்காயமும் ஒரு கரண்டி கறித்தூளும் சேர்த்து, சிறு கிண்ணம் பியரும் விட்டுக் கறியாக்கலாம். பியர் விட்ட கறி! கலப்புச் சமையலுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

எனக்கு உறுத்துவது பியர் அன்று, அந்தக் கிழமைதான். 'கறி' என்பது நமது சொல். நம்மிடம் வெள்ளைக்கறி வேறு, பிரட்டல் வேறு, குழம்பு வேறு. இவையெல்லாம் அங்கே ஒரு போத்தல் மஞ்சள் தூளுக்குள் அடங்கிப்போயின. 'மிளகுத்தண்ணீர்' முலிகட்டோனி என்ற சூப்பாயிற்று. மதராஸ் மாகாணத்து வெள்ளைக்காரருக்கு 'முல்' என்ற கேலிப்பெயரும் அதிலிருந்தே பிறந்தது. உருளைக்கிழங்கு றோஸ்றுடன் சேர்ந்தபோது ஆங்கிலேயப் பிரசையாகிவிட்டது. கறி மட்டும் நூறாண்டுக்கு மேலாக மிச்சத்தை ஒப்பேற்றும் வேலைக்காரியாகவே அடுப்படியில் நின்றது.

இரண்டாம் உலகப் போரின்போது 1940இல் வந்த இறைச்சிப் பங்கீடு 1954 வரை நீடித்தது. அக்காலத்தில் ஞாயிறு இறைச்சியே அரிதாயிற்று. அதன்பின் பெருகிய 'இந்திய' உணவகங்களிற் பெரும்பாலானவை வங்காளத்துச் சில்ஹெற் பகுதியார் நடத்தியவை. 2001 ஏப்ரலில் வெளிநாட்டமைச்சர் ரொபின் குக், சிக்கன் ரிக்கா மசாலாவைப் பிரித்தானியாவின் தேசிய உணவு என்றார். அதற்கு அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: ரிக்கா இந்தியாவுடையது, இறைச்சியைக் கிறேவியுடன் உண்ண விரும்பும் பிரித்தானியருக்காகவே மசாலாக் குழம்பு அதிற் சேர்ந்ததாம். அந்தக் கிறேவி ஆசை ஞாயிற்றுக்கிழமைத் தட்டிற் பிறந்ததுதானே!

இன்றைய உணவகத்தாருள் பலர் குடியேறியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். திங்கட்கிழமைக்கு ஒதுக்கப்பட்டதை அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மேசையிலே, மிச்சத்தில் அல்ல, முதலிலேயே வைக்கிறார்கள். இதனை நான் மரபுக்கேடு என்று சொல்லமாட்டேன்.

எல்லாம் நன்றாக அமைகிறது என்றும் சொல்வதற்கில்லை. நீண்டநேரச் சூட்டிலே மேலே பூசிய தூள் கருகிக் கசக்கும். உள்ளே இறைச்சி சப்பென்றிருக்கும். கைதேர்ந்தவர்கள் முதலில் மூடி வேகவைத்து, கடைசியிலே திறந்து சிவக்க விடுகிறார்கள். புடிங் மாவில் மஞ்சளைக் கொட்டுவது வீண் அலங்காரம். அதற்கு வேண்டியது புகையப் புகையக் கொதிக்கும் கொழுப்பு, அவ்வளவுதான். கலப்பு நடக்கவேண்டிய இடம் கிறேவிதான். இறைச்சியிலிருந்து வடிந்த சாற்றை வதக்கிய வெங்காயத்திலும் வறுத்திடித்த கொத்தமல்லியிலும் விட்டுச் சுண்டவைத்தால், அங்கே கிறேவியும் குழம்பும் ஒன்றாகிவிடும். புடிங்கின் குழியில் அதைச் சூட்டோடு ஊற்றி உடனே உண்ணவேண்டும். சுணங்கினால் ஊறிக் கரைந்துபோகும்.