பொறுப்பை ஒப்படைத்தால் கடமை தீர்ந்துவிடுமா?



ஒருவர் தலைமைப் பொறுப்பை ஏற்கிறார். எல்லாப் பணிகளையும் அவர் ஒருவரே ஆற்ற இயலாது. எனவே சிலவற்றைப் பிறரிடம் ஒப்படைக்கிறார். அவ்வாறு ஒப்படைத்த பணியில் குறை நேர்ந்தால் அதற்கு யார் பொறுப்பு? கொடுத்தவரா, பெற்றுக்கொண்டவரா? இன்று நிர்வாகவியல் கல்லூரிகளில் பாடமாக நடத்தப்படும் இந்தக் கேள்விக்கு, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பக்தாத் நகரத்துக் காழி ஒருவர் விரிவாக விடை எழுதி வைத்தார். அவர்தாம் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் அபுல் ஹசன் அல் மாவர்தீ (ரஹ்) அவர்கள்.

ஹிஜ்ரி 364இல் (கி.பி. 974) பஸராவில் பிறந்து, ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) பக்தாதில் மறைந்தவர் அவர். பன்னீர் வணிகம் செய்த குடும்பம் என்பதால் மாவர்தீ என்னும் பெயர் வந்தது. அவர் வாழ்ந்த காலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். கி.பி. 945இல் புவைஹிகள் பக்தாதைக் கைப்பற்றிவிட்டனர். அப்பாஸிய கலீஃபாவின் பெயர் ஜும்ஆ குத்பாவில் ஓதப்பட்டது, நாணயத்தில் பொறிக்கப்பட்டது. ஆனால் படையும் வரிப்பணமும் புவைஹி அமீர்களின் கையில் இருந்தன. பெயர் ஒருவருக்கு, அதிகாரம் இன்னொருவருக்கு என்றிருந்த அந்தச் சூழலில் அமர்ந்துதான் இமாமவர்கள் 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்னும் புகழ்பெற்ற ஆட்சிச் சட்ட நூலை இயற்றினார்கள். ஏட்டுச் சுரைக்காயாக அவர்கள் எதையும் எழுதவில்லை. கண்ணெதிரே கண்ட நோய்க்கு மருந்து தேடினார்கள்.

தலைவரின் கடமைகள் பத்து என்று அந்நூல் வகுக்கிறது. மார்க்கத்தைக் காத்தல், வழக்குகளில் நீதி செலுத்துதல், எல்லைகளைக் காத்தல், வரியை முறைப்படி திரட்டுதல் என்று வரிசை செல்கிறது. இவற்றை எவரும் ஊகித்துவிடலாம். பத்தாவது கடமைதான் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. தலைவர் காரியங்களைத் தாமே நேரில் கண்காணிக்க வேண்டும். பிறரிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று இன்பத்திலோ இபாதத்திலோ மூழ்கிவிடக் கூடாது. ஏனெனில் நம்பிக்கைக்குரியவரும் சில வேளை மோசடி செய்யக்கூடும் என்பது அதன் சாரம். இன்பத்தில் மூழ்குவதை எல்லாரும்தான் கண்டிப்பார்கள். வணக்கத்தில் மூழ்குவதையும் இமாமவர்கள் உடன் சேர்த்தார்களே, அங்குதான் அவர்களின் கூர்மை தெரிகிறது. மக்களின் முறையீடு வாசலில் காத்திருக்கும்போது தஸ்பீஹ் மணியைத் தலைவர் சாக்காகக் காட்ட முடியாது.

அப்படியானால் எதையும் பிறரிடம் கொடுக்கவே கூடாதா? கொடுக்கலாம், கொடுத்தே தீரவேண்டும். ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். இதற்காகவே வஸீர்களை, அதாவது அமைச்சர்களை, அவர்கள் இரு வகையாகப் பிரித்தார்கள். ஒருவர் 'தஃப்வீழ்' வஸீர். தம் சொந்த முடிவின்படி செயலாற்றும் முழு அதிகாரம் இவருக்கு உண்டு. ஆளுநர்களை நியமிப்பார், படையை அனுப்புவார், பைத்துல்மாலிலிருந்து செலவிடுவார், முறையீடுகளை விசாரிப்பார். மற்றவர் 'தன்ஃபீத்' வஸீர். தலைவரின் கட்டளையை நிறைவேற்றுவதும், மக்களுக்கும் தலைவருக்கும் இடையே செய்தியைக் கொண்டு சேர்ப்பதுமே இவருடைய பணி. எனவே இவரிடம் எதிர்பார்க்கும் தகுதிகளும் வேறு: நாணயம், வாய்மை, பேராசையின்மை, மக்களோடு பகைமையின்மை, நினைவாற்றல், கூரிய அறிவு, மனஇச்சைக்கு ஆட்படாமை.

முழு அதிகாரம் பெற்ற வஸீருக்கும் எல்லை இருந்தது. அடுத்த தலைவரை அவர் நியமிக்க முடியாது. தலைவர் நியமித்தவரை அவர் நீக்க முடியாது. அவர் நியமித்தவரையோ தலைவர் நீக்கலாம். தாம் செய்தவற்றை அவர் தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும். தலைவரும் அவற்றை ஆராய வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாத் துறைகளுக்கும் இரண்டு தஃப்வீழ் வஸீர்களை வைக்கவும் கூடாது. ஓர் உறையில் இரண்டு வாளை வைத்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

நம் மஹல்லாக்களில் சில இடங்களில் நடப்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. உண்டியல் சாவியைத் தம் இடுப்பில் வைத்துக்கொண்டு, கணக்கை மட்டும் செயலாளரிடம் கேட்கும் தலைவர்கள் இருக்கிறார்கள். அதிகாரம் இல்லாதவரிடம் பொறுப்பைச் சுமத்துவது மாவர்தீ இமாமின் இரு வகையிலும் சேராது.

இந்தக் கோட்பாட்டுக்கு உயிருள்ள முன்மாதிரி வேண்டுமா? மதீனாவுக்கு வாருங்கள். ஹிஜ்ரி 21ஆம் ஆண்டு. கூஃபாவின் ஆளுநர் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் மீது அவ்வூரார் சிலர் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் புகார் கொண்டுவந்தனர். ஸஅத் (ரலி) யார்? சொர்க்கத்து நற்செய்தி பெற்ற பதின்மரில் ஒருவர். காதிஸிய்யா போரின் தளபதி. கூஃபா நகரையே நிர்மாணித்தவர். அவருக்கு ஒழுங்காகத் தொழ வைக்கவும் தெரியவில்லை என்பது வரை புகார் நீண்டது! அவ்வேளையில் நஹாவந்தில் பாரசீகப் படை திரண்டுகொண்டிருந்தது. போர் நெருங்கும் நேரத்தில் இதென்ன விசாரணை என்று உமர் (ரலி) அவர்கள் ஒத்திவைக்கவில்லை.

ஸஅத் (ரலி) அவர்களிடமே கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் தொழுத முறையில் எதையும் குறைக்காமல், முதல் இரு ரக்அத்களை நீட்டியும் பின்னிரண்டைச் சுருக்கியும் தொழ வைப்பதாக அவர் விளக்கினார். உம்மைப் பற்றி நான் எண்ணியதும் அதுவே என்ற கருத்தில் உமர் (ரலி) பதிலளித்தார்கள். ஆயினும் அந்த நல்லெண்ணத்தோடு விஷயத்தை முடித்துவிடவில்லை. ஆளனுப்பி, கூஃபாவின் பள்ளிவாசல் ஒவ்வொன்றிலும் விசாரிக்கச் செய்தார்கள். எல்லாரும் அவரைப் புகழ்ந்தனர். பனூ அப்ஸ் கூட்டத்தாரின் பள்ளியில் மட்டும் ஒருவர் எழுந்து பழி கூறினார். இத்தகைய நற்சான்று கிடைத்தும் ஸஅத் (ரலி) பதவியிலிருந்து விலக்கப்பட்டார். அம்மார் (ரலி) கூஃபாவுக்கு நியமிக்கப்பட்டார்.

இது அநீதி அல்லவா என்று நம் மனம் கேட்கும். அதற்கான விடை ஹிஜ்ரி 23இல் (கி.பி. 644) கிடைத்தது. கத்திக்குத்துப் பட்டு மரணப்படுக்கையில் இருந்த உமர் (ரலி) அவர்கள், அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க அறுவரை நியமித்தார்கள். அவர்களுள் ஸஅத் (ரலி) அவர்களும் ஒருவர். திறமைக் குறைவுக்காகவோ மோசடிக்காகவோ அவரை நான் நீக்கவில்லை. அவர் தேர்வாகாவிட்டாலும் ஆட்சிக்கு வருபவர் அவருடைய உதவியைப் பெற்றுக்கொள்ளட்டும் என்று எல்லாரும் அறிய வாக்குமூலம் அளித்தார்கள். பதவியைத் திரும்பப் பெறுவது வேறு, மனிதரின் மானத்தைப் பறிப்பது வேறு. பதவி நீக்கத்தையே குற்றத் தீர்ப்பாக்கி ஊர் முழுதும் பேசித் திரியும் நமக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்குவதில்லை.

மீண்டும் பக்தாதுக்குச் செல்வோம். தலைவரும் கண்காணிப்புக்கும் வரம்புக்கும் கட்டுப்பட்டவரே என்று எழுதிய மாவர்தீ (ரஹ்) அவர்களுக்கே ஒரு சோதனை வந்தது. ஹிஜ்ரி 429இல் (கி.பி. 1038) புவைஹி அமீர் ஜலாலுத் தவ்லா, 'மன்னாதி மன்னர்' என்னும் பொருள்படும் பட்டத்தைத் தமக்குச் சூட்டிக்கொள்ள விரும்பினார். குத்பாவில் அப்பட்டம் ஓதப்பட்டபோது மக்கள் வெகுண்டெழுந்து கதீப்கள் மீது செங்கல் எறிந்தனர். ஆலிம்களிடம் ஃபத்வா கேட்கப்பட்டது. அக்காலத்துப் பெரும் ஃபகீஹ்கள் சிலர், பூமியின் மன்னர்களுக்கு மன்னர் என்று பொருள் கொள்ளலாமே எனக் கூறி அனுமதித்தனர். அத்தகைய பெயரை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்த ஹதீஸை முன்வைத்து மாவர்தீ (ரஹ்) அவர்கள் மறுத்தார்கள்.

அவர்கள் யாரோ வெளியாள் அல்லர். ஜலாலுத் தவ்லாவின் அவைக்கு நாள்தோறும் சென்றுவந்த நெருங்கிய நண்பர். ஃபத்வா கொடுத்த பின் அஞ்சி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ரமழானிலிருந்து ஹஜ்ஜுப் பெருநாள் வரை வெளியே வரவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பெருநாளன்று அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. நடுக்கத்தோடு சென்றவரை ஜலாலுத் தவ்லா அருகே அழைத்தார். பதவியிலும் செல்வத்திலும் என்னிடம் நெருக்கத்திலும் நீர் மற்றவர்களை மிஞ்சியவர். அப்படியிருந்தும் என் விருப்பத்துக்கு மாறாகச் சொன்னீர் என்றால், உமக்கு யாரிடமும் முகத்தாட்சண்யம் இல்லை என்பதை அறிந்துகொண்டேன் என்ற கருத்தில் கூறி, அவரது மதிப்பை மேலும் உயர்த்தினார்.