மண்ணுக்குள் ஓர் உலகம்

பிழைப்பை நாடித் தமிழகத்தின் எல்லை கடந்து வந்த நம்மில் பலருக்கு ஆனேக்கல் பழகிய ஊர். ஓசூரை அடுத்த இவ்வட்டாரத்தின் செம்மண்ணும் கேழ்வரகுக் கொல்லையும் நாம் விட்டுவந்த ஊர்களை நினைவூட்டுவன. அம்மண் வெறும் தூளன்று, எண்ணற்ற உயிர்கள் வாழும் உலகம் என்பதை அறிவியல் படிப்படியாகவே உணர்ந்தது.

1881-இல் சார்லஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஆண்டுதோறும் ஏக்கருக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் அவற்றின் உடல் வழியே சென்று மேலே வருகிறது என்று அதில் கணக்கிட்டார். நம் பக்கத்தில், 1899-இல் மைசூர் மகாராணி கெம்பநஞ்சம்மணி ஹெப்பாளில் 30 ஏக்கர் நிலம் வழங்கினார். லேமன் என்னும் ஜெர்மானிய அறிஞர் மண்ணையும் பயிரையும் ஆராயத் தொடங்கினார். அவ்வித்தே 1964-இல் வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பிற்காலத்தில் அங்கே ராதா காலே மண்புழுக்களையும், பாகியராஜ் வேர்ப் பூசணங்களையும் ஆராய்ந்தனர். புழு குடைந்த வளை வழியே காற்றும் நீரும் மண்ணுள் இறங்குகின்றன. வேர் எட்டாத இடத்து மணிச்சத்தைப் பூசண இழை கொணர்ந்து தருகிறது. கைம்மாறாகச் செடி அதற்குச் சர்க்கரை ஊட்டுகிறது.

இன்று ஆனேக்கல் வட்டத்தில் பொம்மசந்திரம், ஜிகணி போன்ற இடங்களில் ஆலைகள் எழுந்துள்ளன. அவற்றால் நம்மவர் பலர் வாழ்கின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சிமெண்டு மூடிய நிலத்தில் இக்கொடுக்கல் வாங்கல் நின்றுபோகும். ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். அதை வாரி எறிய ஒரு பகல் போதும். வீடு கட்டும்போது அகற்றும் மேல்மண்ணைத் தோட்டத்திலோ மரத்தடியிலோ இட்டுக் காப்பதேனும் நம் கையில் உள்ளது.